முந்நூறாம் அறைக்குப் போன ஜாம்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பம்பு உதிரிபாகம் விற்கும் கடையில் டெல்மா கிராடாக் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஆள் வராத நேரங்களில் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு தானாகவே நிரல் எழுதக் கற்றவள். ஆர்டர்களை சிட்னி கிடங்குக்கு அனுப்பும் நிரல் அவள் எழுதியதுதான். ஒரு வரியை மாற்றினாலும் மூன்று முறை சோதிப்பாள்.

அந்த ஜனவரியில், முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நெரிடாவின் மாட்டுப் பண்ணைக்கு அனுப்பச் சொன்ன பம்பு சீல் என்ற கசிவடைப்பு வளையம் இரண்டு முறை சிட்னிக்கே திரும்பிப் போனது. ஆழ்துளைக் கிணற்றுப் பம்பு நின்றுவிட, நெரிடா லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தபால் விமானம் வியாழக்கிழமை மட்டும்தான். இன்னும் இரண்டு வியாழன் பார்ப்பேன், அதற்குள் சீல் வராவிட்டால் மாடுகளை விற்றுவிடுவேன் என்றாள். அதைக் குரலை உயர்த்தாமல் சொன்னதுதான் டெல்மாவை உறுத்தியது.

திரும்பிப்போன பார்சலின் படத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. பண்ணையின் அஞ்சல் எண் 0872. முகவரிச் சீட்டில் இருந்தது 872. டெல்மா அதை மேற்கோள் குறிக்குள் வைத்து, எழுத்தாகத்தான் அனுப்பியிருந்தாள். அதை வாங்கி முகவரி அச்சடிக்கும் சிட்னி நிரலோ இலக்கங்களைக் கண்டாலே குறியைப் பிய்த்துப் போட்டுவிட்டு எண்ணாக்கிக்கொள்ளும். எண்ணுக்கு முன்னால் சைபர் எதற்கு? சிட்னிக்காரர்களின் அஞ்சல் எண் இரண்டில் தொடங்குவதால் அங்கே யாருக்கும் இது உறைக்கவில்லை. கையால் எழுதி ஒட்டவும் வழியில்லை, கிடங்கில் முகவரிச் சீட்டு ஒட்டுவது இயந்திரம்.

அந்த நிரலுக்குப் பொறுப்பான ஆர்லோ, பொறுமையாகப் பாடம் நடத்தினான்.

"முன்னாடி நிக்கிற சைபருக்கு மதிப்பே இல்லையே டெல்மா. கோளாறு உங்க பக்கம்தான் இருக்கும். இங்க யாரும் புகார் சொல்லல."

அடுத்த மாதம் பார்க்கிறேன் என்றான். டெல்மா வாதாடவில்லை. போன குளிர்காலத்தில் கடைக்கு வந்தபோது குவாண்டாங் என்ற பாலைவனப் பழத்தில் அவள் செய்த ஜாமை விரலால் வழித்துத் தின்றவன் ஆர்லோ. அவன் இருக்கை 3E2: மூன்றாம் மாடி, E பகுதி, இரண்டாவது நாற்காலி. தலைமை அலுவலகத்துக்கு வரும் பார்சல்களுக்கும் முகவரிச் சீட்டு அச்சடிப்பது அதே நிரல்தான். திங்கட்கிழமை 3E2 என்ற முகவரிக்குப் பெரிய பாட்டில் ஒன்று புறப்பட்டது. உனக்கு ஜாம் வருகிறது என்று அவனுக்குச் செய்தியும் போனது.

புதன்கிழமை ஆர்லோ கூப்பிட்டான்.

"ஜாம் முன்னூறாம் ரூமுக்குப் போயிருக்கு. அங்க மேனேஜருங்க கூட்டம். ஸ்கோன் ரொட்டியோட வச்சு மொத்தத்தையும் காலி பண்ணிட்டாங்க. என் சீட் முன்னூறு இல்லையே?"

"எண்ணுக்கு நடுவுல E வந்தா கம்ப்யூட்டருக்கு என்ன அர்த்தம் கண்ணு? E-க்குப் பின்னாடி ரெண்டுன்னா, மூணு போட்டு ரெண்டு சைபர். எங்கிட்ட புடுங்கின சைபருக்கு மதிப்பில்லன்ன. உனக்கு ரெண்டு சும்மாவே குடுத்திருக்கு பாரு."

ஆர்லோ விசைப்பலகையைத் தட்டி நிரலைத் திறந்து பார்ப்பது கேட்டது. பிறகு, இன்னும் எத்தனை பாட்டில் இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டான். சீல் போய்ச் சேரட்டும், எண்ணிச் சொல்கிறேன் என்றாள்.

அன்று மதியமே நிரல் திருந்தியது. டெல்மா மூன்று முறை சோதித்துவிட்டு, சீலை மறுபடி அனுப்பச் சொன்னாள். அடுத்த வார வியாழன் மாலை நெரிடாவிடமிருந்து அழைப்பு. அவள் தொலைபேசியைப் பம்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். அது தடதடப்பதை டெல்மா கடையை மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் 3E2க்கு இன்னொரு ஜாம் போனது. இந்த முறை சின்ன பாட்டில். சிட்னி நிரல்மேல் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.