எங்கள் பெயருக்காக டெல்லியில் எழுந்து நின்றவர்

சாமை மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆலங்காயத்துக்கும் மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டுக்கும் ஜீப் ஓட்டும் காசி, கட்டிக்கொண்டிருந்த கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"இன்னா கவுண்டரே, விஷயம் தெரியாதா? பழைய எம்.பி. நேத்து காலைல போய்ட்டாரு."

"எந்த எம்.பி.?" என்று கேட்டேன். எங்கள் தொகுதியில் பழைய எம்.பி.க்களுக்குப் பஞ்சம் இல்லை.

"அதாங்க, நம்ம ஏகாம்பரம். புளி மண்டிக்காரரு."

ஏற்றிய மூட்டைகளை இறக்கச் சொன்னேன். அதே ஜீப்பில் நான் கீழே இறங்கினேன்.

பதினாறாம் நாள் ஆலங்காயத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. மேடையில் பேசிய ஒருவர், "அண்ணன் தங்கமான மனிதர். டெல்லியில் வாயே திறக்காமல் நல்ல பெயர் எடுத்தவர்" என்றார். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். நான் எழுந்து, அது பொய் என்றேன். "பெரியவரே, ஒக்காருங்க, நேரமில்ல" என்றார்கள். நான் உட்காரவில்லை. அவர்கள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள் படிக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தவன். என் எழுத்தில் பிழை இருக்கலாம், சொல்லும் விஷயத்தில் இருக்காது.

ஏகாம்பரம் ஆலங்காயத்துப் புளி மண்டியில் எடை போடும் ஆளாக இருந்தார். மலையிலிருந்து புளி இறக்கும் நாங்கள் எல்லோரும் அவரை அங்கேதான் முதலில் பார்த்தோம். தராசு முள் நிற்கும்வரை மூட்டையை இறக்கமாட்டார், முதலாளி முறைத்தாலும் இறக்கமாட்டார். எழுபதுகளில் அவர் எம்.பி. ஆன கதையை அவரே சொல்வார்: "ரெண்டு பெரிய ஆளுங்க சீட்டுக்கு அடிச்சிக்கிட்டாங்க. யாருக்குக் குடுத்தாலும் இன்னொருத்தன் கோவிச்சிக்குவான். நடுவுல நான் நின்னுக்கினு இருந்தேன், புடிச்சித் தள்ளிட்டாங்க."

டெல்லியில் அவருக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். அதைக் குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "அங்க ஒரு சௌகரியம் இருக்கு கவுண்டரே. முன்னாடி இருக்கிறவன் முதுகெல்லாம் நமக்குத் தெரியும். நம்ம முதுகு எவனுக்கும் தெரியாது" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் லட்சுமி பத்தாவது தேறி, வேலூரில் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டாள். பழங்குடிச் சான்றிதழ் கேட்டார்கள். அரசாங்கப் பட்டியலில் எங்கள் ஜனத்தின் பெயர் மலையாளி. மலையை ஆள்கிறவன், மலையில் வாழ்கிறவன் என்று பொருள். தாலுகா அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த எழுத்தருக்கு அது தெரியவில்லை.

"மலையாளின்னா கேரளாவுல போய் வாங்குங்க. இங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"எங்களுக்கு மலையாளத்துல ஒரு வார்த்தை தெரியாதுங்க."

"தெரியலன்னா கத்துக்கங்க" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வருஷத்து இடம் போயிற்று. வயது வரம்பின்படி லட்சுமிக்கு இன்னும் ஒரே ஒரு வருஷம் பாக்கி இருந்தது. அதுவும் தவறினால் அவள் கொட்டகையில் புளி உடைக்கத்தான் போக வேண்டும். நான் ஏகாம்பரத்துக்குக் கடிதம் எழுதினேன்.

அவர் நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கேள்வி கொடுத்தார். வந்த பதிலை எடுத்துக்கொண்டு அவரே மலை ஏறி வந்தார். எங்கள் வீட்டுப் பலா மரத்தடியில் நின்று தமிழில் சொல்லிக் காட்டினார்: "மலையாளிகள் குறித்த விவரங்கள் கேரள அரசிடமிருந்து திரட்டப்பட்டு வருகின்றன." முதலில் அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"டெல்லில ஒரு வக்கீல் யோசனை சொன்னாரு. மலையாளின்னு போடாம, மலைவாசின்னு மட்டும் போட்டா ஈஸியா முடிஞ்சிடுமாம். இன்னா சொல்றீங்க?"

"எங்க பேரு அது இல்லீங்களே அண்ணே."

"மவ படிப்பு இருக்கே?"

என் மனைவி குறுக்கே வந்து, "இன்னா பேரா இருந்தா இன்னாங்க, பொண்ணு போனா போதும்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் முடியாது என்றேன். பட்டியலில் இருக்கும் பெயரை நாங்களே விட்டுவிட்டால், நாளைக்கு அந்தப் பட்டியலில் நாங்கள் இருக்கமாட்டோம். ஏகாம்பரம் கையிலிருந்த பதில் தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "சரி, பேரு இருக்கட்டும். அதப் படிக்கிற அதிகாரிங்க ஒழுங்காப் படிக்கட்டும்" என்றார்.

இந்த முறை வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கொடுத்தார். எந்தக் கேள்வியைச் சபையில் எடுப்பது என்று போடும் குலுக்கலில் அது வந்துவிட்டது. என்னையும் டெல்லிக்கு வரச் சொன்னார். பார்வையாளர் மாடத்தில் உட்காரச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். கம்பியில் கை வைக்கக்கூடாது, பேசக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது என்றார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கேள்வியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். கடைசி வரிசையில் ஏகாம்பரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுத் தமிழில் கேட்டார்: "வட ஆற்காடு மாவட்டம் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் மறுக்கப்படுவது அரசுக்குத் தெரியுமா?" துணை அமைச்சர் ஒருவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே வார்த்தை, கேரளா. வேறொரு உறுப்பினர் எழுந்து ஏதோ சொன்னார். சபை முழுக்கச் சிரித்தது. நான் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன், காவலர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

ஏகாம்பரம் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு முதலில் கேட்டதையே கேட்டார். வட ஆற்காடு மாவட்டம் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகளுக்கு என்று தொடங்கி, அதே சொற்கள், அதே குரல். இந்த முறை சிரித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சபாநாயகர் தலையிட்டு விளக்கம் கேட்டார். ஏகாம்பரம் சொன்னார்: "மலையாளி என்பது நீங்கள் அச்சடித்த பட்டியலில் உள்ள பெயர். அவர்கள் வேறு மாநிலம் கேட்கவில்லை. தங்கள் பெயரைத்தான் கேட்கிறார்கள்." அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. துணை அமைச்சர் ஏதோ சொல்லி அமர்ந்தார்; விசாரித்துத் திருத்துவதாகச் சொன்னார் என்று ஏகாம்பரம் பிறகு விளக்கினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அந்த ஆளு இன்னா சொன்னாரு, அப்படிச் சிரிச்சாங்க?"

"அவரு கேரளாக்காரரு. எங்க ஊர்ல ஏற்கனவே கூட்டம், இவங்கள நீங்களே வெச்சுக்கங்கன்னாரு."

"ரெண்டாவது வாட்டியும் ஏன் அதையே கேட்டீங்க? வேற மாதிரி சொல்லியிருக்கலாமே."

"வேற மாதிரி சொன்னா, மொதல்ல சொன்னது தப்புன்னு ஆயிடும் கவுண்டரே" என்றார்.

அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரின் பதிலுக்குத் திருத்தம் வந்தது. கேரளம் என்று இருப்பதைத் தமிழ்நாடு, வட ஆற்காடு மாவட்டம் என்று கொள்ள வேண்டும் என ஒரே வரி. அந்தத் தாளைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பினார். நான் தாலுகா அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். எழுத்தர் இரண்டு முறை படித்தார். என்னைப் பார்க்காமலே தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கி வந்து கொடுத்தார். கடைசி வருஷத்தில் லட்சுமி சேர்ந்தாள். இன்று மலையில் பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா அவள்தான்.

வெளிநாட்டு விவகாரங்களில் இவருக்கு என்ன தெரியும் என்று கேட்டவர்களும் உண்டு. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரு நாட்டு ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட சில குடும்பங்கள் அடிவாரத்தில் வந்து தங்கின. ரேஷன் கடையில் அவர்களைச் சிலோன்காரர் என்று தனி வரிசையில் நிறுத்தினார்கள். வெளியுறவுத் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் கட்சி இவருக்கு நான்கு நிமிஷம் கொடுத்தது. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியது. இவர் அதைத்தான் பேசினார்: "அங்கே இருந்தவரை அவர்களை இந்தியர் என்றார்கள். இங்கே வந்ததும் நாம் சிலோன்காரர் என்கிறோம். இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கிட்டுக்கொண்டீர்கள். அவர்களை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று யாரும் முடிவு செய்யவில்லை."

"சபைல எத்தினி பேர் இருந்தாங்க?" என்று நான் கேட்டேன்.

"பதினோரு பேரு. ரெண்டு பேரு தூங்கிட்டாங்க."

"அவ்ளோதானா?"

"மீதி ஒம்போது பேரு கேட்டாங்க இல்ல?"

கட்சி அதை மறக்கவில்லை. அதன் பிறகு அவருக்கு நேரம் கொடுக்கவே யோசித்தார்கள். அவர் பேசாமல் இருந்தார் என்று இன்று சொல்கிறவர்கள் அன்று அவரைப் பேசவிடாதவர்கள்தான். இதைச் சொல்ல எனக்குப் பயமில்லை.

அவரிடம் எனக்குக் குறையும் உண்டு. புதூர்நாட்டுக்குத் தார் ரோடு போட்டுத் தருவதாகச் சொன்னார். போடவில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு என் வீட்டுக்கு வந்தபோது, "ரோடு வர்ல, உங்களுக்கு ஓட்டு இல்லீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். உடன் வந்தவர்கள் கோபப்பட்டார்கள். அவர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். "நியாயம்தான். ஓட்டுப் போடாதீங்க. ஆனா ரோட்டக் கேக்கிறத வுட்றாதீங்க" என்றார். நான் போடவில்லை. அவர் தோற்றார். அது சரி என்றே இன்றும் சொல்வேன். அவரைவிட நல்ல எம்.பி. எங்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பதையும் சொல்வேன். இரண்டும் உண்மை.

சென்ற வாரம் வேலூரில் ஒரு அதிகாரியைப் பார்த்து, புதூர்நாட்டுக்கு அந்த ரோடு எப்போது வரும் என்று கேட்டேன். மனுவை வாங்கியவர், "புதூர்நாடா? அது எந்த நாடு பெரியவரே, பாஸ்போர்ட் வேணுமா?" என்றார். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பேசவில்லை, அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு முதலில் கேட்டதையே கேட்டேன், ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல். ஏகாம்பரத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.