அடுப்படி வாசலில் நின்று கேட்ட வேதம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் முறை வைத்து வீட்டு ஜெபம் நடக்கும். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் வாசித்து, மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். யார் வீட்டு முறையானாலும் என் இடம் அடுப்படி வாசல்தான். கூச்ச சுபாவம். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். நான் வாய் திறக்காததால் எழுத்துக்கூட்டவே வராது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கணவர் வாசித்ததும் முறை என்னைத் தாண்டி நாத்தனாரிடம் போய்விடும். முப்பது வருஷம் அப்படித்தான் போனது.

போன சம்பா நடவின்போது எங்கள் வீட்டு முறை. பகலெல்லாம் நாற்று பறித்துவிட்டு வந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அன்றைய பகுதி, இயேசு போன வீட்டில் இருந்த அக்கா தங்கை கதை. அக்கா சமையலில் அல்லாடுகிறாள். தங்கை அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். தங்கை செய்ததுதான் சரி என்று அவர் சொல்லிவிடுகிறார்.

தாலுக்கா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற சார், வேதத்தையும் சர்க்கார் உத்தரவு மாதிரியே படிப்பார். "எது முதல், எது அப்புறம்னு இருக்குங்க. அந்தம்மா அதை மீறிட்டாங்க," என்றார். எதற்கும் அழுகிற நாத்தனார், காலடி என்றதுமே மூக்கைச் சிந்தினாள். எங்கேயும் குற்றவாளியைத் தேடுகிற என் கணவர், "அக்காகாரிக்குப் பொறாமை, வேறென்ன?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தங்கை கதை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அதை ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும் அவளைப் போலப் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறவள்தான். என்னை அக்காவாக்கி அடுப்பில் நிறுத்தியது இவர்கள். நிறுத்திவிட்டு அந்த அக்காவைக் குறை சொல்கிறார்கள்!

"அண்ணி, டீ ஆச்சா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே நாத்தனார் குரல் கொடுத்தாள்.

அடுப்பை அணைத்தேன். போய் வட்டத்தில் உட்கார்ந்தேன்.

"புஸ்தகத்தைக் கொடுங்க. என் முறையைத் தாண்டிட்டீங்க."

"இது வாய்ப்பாடு இல்லடி, வேதம்," என்று கணவர் சிரித்தார்.

முதல் வரியில் குரல் உடைந்தது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். மனதில் பட்டதையும் சொன்னேன்.

"தங்கச்சிதான் சரின்னாரு. சொல்லிட்டு, எழுந்து போய் டீ போடுன்னு அவளை அனுப்பல."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப டீ?" என்றார் கணவர்.

"பால் காய்ச்சியாச்சு. அடுப்படி அங்கதான இருக்கு."

யாரும் எழுந்திருக்கவில்லை. பால் ஆறி ஆடை கட்டிப்போனது. எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை.

அடுத்த வெள்ளி பக்கத்து வீட்டு முறை. முதல் ஆளாய்ப் போய் வட்டத்தில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுக்காரியைக் காணோம். உள்ளே டம்ளர் கழுவும் சத்தம். சார் புத்தகத்தைத் திறந்தார்.

"மூடுங்க சார். அவங்க வரட்டும்," என்றேன்.