பதிவேட்டில் வேலாயி

பண்ணைக்காட்டு வீட்டில் இரண்டு அறைகளை என் மகள் டூரிஸ்டுகளுக்கு விடப்போகிறாள். அதற்கு ஒரு வெப்சைட் வேண்டுமாம், வெப்சைட்டுக்கு ஒரு பெயர் வேண்டுமாம். நேற்று காலை முழுக்க அவள் அடித்துப் பார்த்த பெயர்களையெல்லாம் யாரோ ஏற்கெனவே பதிந்து வைத்திருந்தார்கள். கடைசியில், “விடுங்கப்பா, ஒரு எழுத்த மாத்திப் போட்டா கெடச்சிரும்” என்றாள். எழுந்து போய், காப்பிக்கொட்டை காய்கிற களத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் கொடைக்கானல் தந்தி ஆபீசில் கிளார்க். பசை, ஈரக் காகிதம், கம்பளிக் கோட்டு எல்லாம் கலந்த ஒரு வாசனை அந்த அறைக்கு உண்டு. ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்து ரிஜிஸ்டரையே நமுத்துப்போகச் செய்துவிடும். தந்தி விலாசங்கள் இருந்தது அந்த ரிஜிஸ்டரில்தான். உங்கள் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும்: முழு முகவரி தேவையில்லை, ஒரே சொல்லும் ஊர்ப்பெயரும் போட்டால் தந்தி வந்து சேரும். அந்தச் சொல்லை எங்களிடம் பதிய வேண்டும். இங்கிலீஷில், பத்தெழுத்துக்குள், ஊரில் வேறு யாரும் வைத்திராததாக. வருஷா வருஷம் புதுப்பிக்கவும் வேண்டும். லாட்ஜ்காரர்கள் எல்லோரும் குளிரையும் மேகத்தையும்தான் கேட்பார்கள். ‘கூல்’ என்ற சொல்லுக்காக இரண்டு முதலாளிகள் என் மேஜை முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்டு. தீர்ப்புச் சொல்கிற இடத்தில் நான். இருபத்துநாலு வயது, மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா?

தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்துப் பட்டை உரிப்பவர்களின் கையில் ஒரு துவர்ப்பு வாசனை ஏறிவிடும், சோப்புப் போட்டாலும் போகாது. ஒரு நாள் அந்த வாசனை கவுண்டருக்கு வந்தது. செல்லையா என்று பெயர் சொன்னார். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டு, மரம் வெட்டும் கூப்பில் குடும்பத்தோடு வேலை செய்தவர். ஒரு கூப்பு முடிந்தால் குடிசையும் அடுத்த காட்டுக்கு நகர்ந்துவிடும். அவருக்கு ஒரு தந்தி விலாசம் வேண்டுமாம்.

“கடை கிடை வச்சிருக்கீங்களா?” என்று சிரித்தேன்.

“இல்லீங்க தொரே. தங்கச்சி அங்கயே நின்னுபோச்சு, அதுக்கு இன்னும் இந்தியா வர்ற பேப்பர் வரல. நாங்க எந்தக் காட்டுல கெடக்கோம்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? குடிச மாறினாலும் பேரு மாறாதில்ல?”

சட்டையைப் பிடித்துக்கொண்ட முதலாளிகளை விட இவருக்கு விஷயம் நன்றாகப் புரிந்திருந்தது. தங்கையின் பெயரையே கேட்டார், வேலாயி. ‘உன் பேரைப் போட்டு அடி, எனக்கு வந்துவிடும்’ என்று அவளுக்குக் கடிதம் எழுதிவிடுவாராம். தந்தி வந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொடுக்கச் சொன்னார்.

நான் முதல் எழுத்தாக ‘வி’ போட்டேன். எட்டிப் பார்த்தார்.

“அதோட தோட்டத்துப் பேப்பர்ல இந்த எழுத்து ரெண்டு சேந்தாப்புல இருக்குமுங்க, தொரே.”

“டபிள்யூவா? அங்க எழுதுனவன் தப்பா எழுதிருக்கான். வேலாயிக்கு வி தான். இங்க ஒழுங்காப் போடுவோம்.”

அவர் தலையாட்டினார். என்னை யாரும் அதற்கு முன் துரை என்று கூப்பிட்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வருஷந்தோறும் தவறாமல் வந்து புதுப்பித்தார். “ஏதும் வந்துச்சுங்களா?” என்பார். “வந்தா வெரசா அனுப்ப மாட்டமா?” என்பேன்.

சிலோனில் கலவரம் நடந்த வருஷம், தம்பி கல்யாணத்துக்காக ஒன்பது நாள் லீவில் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, பட்டுவாடா ஆகாத தந்திகளோடு ஒரு நகல் குத்தி வைத்திருந்தது. ‘செவ்வாய்க்கிழமைக் கப்பலில் ராமேஸ்வரம் வருகிறேன், வா.’ மேலே விலாசத்தில், டபிள்யூவில் தொடங்கும் வேலாயி. எனக்குப் பதில் வந்திருந்த கிளார்க் முறைப்படி அந்த எழுத்துக்கான பக்கத்தைப் பார்த்து, ‘பதிவில் இல்லை’ என்று எழுதியிருந்தார். அவர் மேல் குற்றமில்லை. செவ்வாய்க்கிழமை போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

ஜீப் பிடித்து நானே கூப்புக்குப் போனேன். நகலைக் கையில் கொடுத்து, “லைன் கோளாறு, செல்லையா. லேட்டாயிருச்சு” என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவர் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அதே ஜீப்பில் ஏறினார்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகத் திரும்பினார். கப்பலிலிருந்து இறங்கியவள், வந்து போகிறவர்களிடமெல்லாம் அண்ணனைக் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு கப்பலில் வந்த மற்றவர்களோடு அதிகாரிகள் அவளையும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டார்களாம். எந்த ஊருக்கு என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அடுத்த வருஷம் புதுப்பிக்க வந்தார். நான் நிமிரவில்லை.

“தொரே, இந்தத் தடவ ரெட்ட எழுத்துலயும் ஒண்ணு பதிஞ்சிருங்க. மறுபடி அடிச்சாலும் அடிக்கும்.”

அந்த நகலை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். குரலில் கோபமே இல்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பதிந்தேன். அதற்குப் பிறகும் நாலு வருஷம் வந்தார். ஒவ்வொரு தடவையும் உண்மை வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். பிறகு கூப்பை மூடினார்கள், அவர் வருவது நின்றது. புதுப்பிக்காத பெயரைக் கோடு போட்டு அடித்துவிட வேண்டும் என்பது விதி. இரண்டையுமே நான் அடிக்கவில்லை. எனக்கு மாற்றல் வந்த பிறகு யார் அடித்தார்களோ, தெரியாது. தந்தியே இல்லையென்று ஆன வருஷம் விசாரித்துப் போனேன். ரிஜிஸ்டர்களை எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது செல்லையா, எழுத்தை மாற்றியது நான்தான்: இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு தந்திக்குள் அடங்கிவிடும்.