மூன்று மணிக்கு வரும் சவுக்கு

காற்றில் பறக்கும் மகரந்தத்தை எண்ணுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்றால் என் மாமியார் வீட்டில் இன்னும் யாரும் நம்புவதில்லை.

நான் இருப்பது தாம்பரத்தில் ஓர் அலர்ஜி கிளினிக்கில். அதன் மொட்டைமாடியில் ஒரு மெஷின் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உள்ளே பசை தடவிய ஸ்லைடு ஒன்று மெல்ல நகரும். எந்த மணிக்கு எந்த மரத்தின் மகரந்தம் வந்து ஒட்டியது என்று அதில் தெரிந்துவிடும். தினம் காலை ஒன்பது மணிக்கு ஸ்லைடை மாற்றி, சாயம் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவேன். எண்ணிக்கொண்டே தும்முவேன். ஆமாம், நானும் உங்கள் கட்சிதான். காலையில் எழுந்ததும் வரிசையாகப் பதினைந்து தும்மல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் வீட்டாரிடம் ‘நூறு ஆயுசு’ வாங்கி, ஆயிரத்தைந்நூறு வருடம் இதே மூக்கோடு வாழப்போகும் அன்பர்களே, இது உங்களுக்காக.

பனி இறங்கிய காலை

வேலைக்குச் சேர்ந்த புதிது. மாசி மாதம். ஒரு நாள் காலை மாடிக்குப் போனால் எதிர்வீடு தெரியாத பனி. ஸ்லைடை எடுத்துப் பார்த்தால் விடியற்காலையிலிருந்து ஒன்றுமே ஒட்டவில்லை. மோட்டார் நின்றுவிட்டது, என் வேலையும் போய்விட்டது என்று நினைத்து ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் அட்டெண்டர் ஏகாம்பரம் அண்ணா மட்டும் பதறவே இல்லை. அவர் எதற்கும் பதறமாட்டார்.

பத்தரைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. பனி கலைந்தது. சும்மா ஒரு ஸ்லைடைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். எண்ணி மாளவில்லை. ஈரம் இருக்கும்வரை பூவுக்குள் மகரந்தப்பை மூடியே இருக்கும். காய்ந்தால்தான் வெடித்துத் திறக்கும். புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் தாம்பரத்திலுள்ள அத்தனை மரங்களும் ஒரே வெயிலுக்காகக் காத்திருந்து, கொஞ்ச நேரத்துக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டதை அந்த ஸ்லைடில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலையில் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் அண்ணா சொன்னது அப்போதுதான் உறைத்தது:

“மெஷினு நல்லாத்தான் கீது மா. மரம் இன்னும் எந்திரிக்கல, அதுக்கு நீ இன்னா பண்ணுவ?”

குற்றவாளி வேம்பு

போன வருடம் பங்குனியில் ஊரப்பாக்கத்திலிருந்து ஜெயந்தி டீச்சரும் அவர் கணவர் ராகவன் சாரும் வந்தார்கள். டீச்சர் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். பங்குனி பிறந்தால் மதியத்துக்கு மேல் அவருக்கு மூச்சு இழுக்கும். பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாராம். இந்த வருடமும் இப்படியே போனால் வேலையை எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவே செய்திருந்தார். 

பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ராகவன் சார் குற்றவாளியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். வாசலில் நிற்கும் வேப்பமரம். அது பூத்து வாசலில் கொட்டும் அதே நாட்களில்தான் இழுப்பும் வருகிறது, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மரம் வெட்டுகிற ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியும் விட்டாராம். டீச்சருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

“வெட்டின பிறகும் இழுத்துதுன்னா, அப்புறம் நான் எதைக் குத்தம் சொல்றது?”

சாட்சியை உலுக்கிய கதை

எங்கள் டாக்டரம்மா ராகவன் சாரிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். பசை தடவிய ஸ்லைடுகளை நான் கொடுத்தேன். வேப்பமரத்தடியில் காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று தொங்கவிட வேண்டும். மூன்று நாள் கழித்து சார் மிட்டாய் டப்பாவில் அடுக்கிக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் மேலும் தேதி, நேரம், கையெழுத்து. பார்த்தால் எல்லாவற்றிலும் வேப்ப மகரந்தம் அப்பியிருந்தது. மரத்தின் கதை முடிந்தது என்று ரிப்போர்ட் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் எனக்குள் ஒன்று உறுத்தியது. வேப்ப மகரந்தம் பிசுபிசுப்பானது, தேனீயின் காலில் ஏறிப் போவது. காற்றில் இவ்வளவு வராது. தொங்கவிட்ட பிறகு ஏதாவது செய்தீர்களா சார் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பெருமையாகச் சொன்னார்:

“காத்து சரியா அடிக்கலை மேடம். சாம்பிள் வேஸ்ட் ஆயிடக் கூடாதேன்னு கிளையை நானே நல்லா உலுக்கிவிட்டேன்.”

மூன்று மணிக் கோடு

மறுபடி கொடுத்தனுப்பி, உலுக்காமல் வைத்த ஸ்லைடுகளில் வேம்பு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஆனால் மதிய ஸ்லைடுகள் நிறைய வேறொன்று இருந்தது. எங்கள் மாடி மெஷினிலும் மூன்று மணிக்கு நேராக அதேதான், கோடு போட்டதுபோல. சவுக்கு. நம் பக்கம் கடல்காற்று உள்ளே வந்து சேரும் நேரம் அது. டீச்சரின் கையில் மகரந்தச் சாற்றைத் துளி விட்டு ஊசியால் குத்திப் பார்த்தபோதும் வேம்புக்குச் சின்னத் தடிப்பு, சவுக்குக்கு ஒரு ரூபாய்க் காசு அகலம்.

நம்பமுடியாமல் அந்த ஞாயிறு பஸ் ஏறிக் கோவளம் போனேன். படகுத்துறையைத் தாண்டிய சவுக்குத் தோப்பு. கிளை நுனியெல்லாம் துருநிறத்தில் குஞ்சம் குஞ்சமாகப் பூ. வாசனை இல்லை, தேன் இல்லை, ஒரு வண்டு எட்டிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு மணி வாக்கில் கடலிலிருந்து காற்று திரும்பியது. தோப்பு முழுவதிலிருந்தும் மஞ்சள் புகை கிளம்பி மேற்கே நகர்ந்தது. இங்கே கிளம்பி, கேளம்பாக்கம் தாண்டி, வண்டலூர் தாண்டி, ஒரு கணக்கு டீச்சரின் வகுப்பு ஜன்னலில் நுழைகிறது! சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது. மறுநாள் சொன்னபோது ராகவன் சார் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

“எங்க தெருவுல ஒரு சவுக்கு மரம்கூட இல்லையே மேடம்!”

என் வாய்க்கொழுப்பு

மரம் வெட்டும் ஆளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சருக்குப் பள்ளியில் காலை வகுப்புகளாக மாற்றிக் கொடுத்தார்கள். மதியத்தில் வீட்டு ஜன்னல்கள் சாத்தியே இருந்தன. இழுப்பு நின்றது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. சித்திரையில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்தபோது ராகவன் சார் போன் செய்து, டீச்சர் வாசலில் உட்காரலாமா என்று கேட்டார். “மழை வந்தா காத்து கழுவிவிட்ட மாதிரி ஆயிடும் சார், டீச்சரைத் தைரியமா வெளியில உக்காரச் சொல்லுங்க” என்றேன். மழைக்குப் பிறகு ஸ்லைடு வெறுமையாக இருப்பதை எத்தனை தடவை பார்த்தவள் நான்! அந்தப் ‘பிறகு’ என்ற வார்த்தையை மறந்துவிட்டேன்.

டீச்சர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மழைக்கு முன்னால் சூறைக்காற்று அடித்தது, கூடவே இடி. அரை மணியில் டீச்சரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள், உதடு கறுத்துப்போய். மாஸ்க் வைத்து, ஊசி போட்டு, டாக்டரம்மா காலைவரை படுக்க வைத்தார். இடிமழை வரும்போது மேலே மிதப்பதையெல்லாம் காற்று வாரிக் கீழே இறக்கும். ஈரத்தில் மகரந்தம் ஊறி வெடித்து, நுரையீரலின் அடிவரை போகும் தூளாகிவிடும். காலையில் ஸ்லைடைப் பார்த்தேன். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு நேராக முழுசாக ஒன்றுகூட இல்லை, எல்லாம் சிதறல். ஏழு மணிக்குத் துடைத்து வைத்தாற்போல் சுத்தம். என் ஜம்பத்தைப் பிய்த்துப்போட வானத்துக்கு ஒரு மணி நேரம்தான் தேவைப்பட்டிருக்கிறது.

டீச்சரின் கட்டிலருகே போய், “தப்பு என்னோடது” என்றேன். அழுதுவிட்டேன். ராகவன் சாரோ, மரத்தடியில்தானே இழுப்பு வந்தது என்று பழைய பல்லவியைத் தொடங்கி, மரம் வெட்டும் ஆளின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். டீச்சர் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்:

“இன்னிக்கு வேம்பு, நாளைக்கு சவுக்கு... அப்புறம் கடலை எதால வெட்டுவீங்க? போய் என் பேப்பர் கட்டை எடுத்துட்டு வாங்க, திருத்தணும்.”

ஆக, இத்தனை வருடம் காற்றை எண்ணி நான் கற்றது ஒன்றே ஒன்றுதான்: வானத்தைப் பார்த்து வியப்பதாக இருந்தால் முதலில் ஜன்னலைச் சாத்திவிட்டு வியக்க வேண்டும்.