படுக்கிற தும்பை

கமலாசனிக்கு நாற்பத்தொரு வயது. ஸ்கந்தபுரத்திலிருந்து காலை ஐந்தரைக்கு வருகிற வாகனத்தில் ஏறி, பளைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவர். தாய் தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர் பிறந்தது வன்னியில்தான்.

அந்த வேலையில் ஒருவருக்கு ஒரு மீற்றர் அகலத்தில் ஒரு பாதை. கவசத்தை மாட்டிக்கொண்டு முழங்காலில் இருந்து, முதலில் புல்லையும் செடியையும் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். பிறகுதான் மண்ணைச் சுரண்டலாம். ஒரு நாளில் நாலைந்து அடிகூட நகராத நாட்களும் உண்டு. அப்படி ஒன்பது வருடம் நிலத்தை ஒரு முழத் தூரத்தில் வைத்துப் பார்த்ததில், செடிகள் அவருக்குப் பழக்கமாகிவிட்டன. பெயர் தெரியாததற்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்.

மாசி மாதம் கம்பஸில் இருந்து பிரியந்தினி என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். வெடி அகற்றி முடிந்த காணிகளில் என்னென்ன செடி திரும்ப முளைக்கிறது என்று எழுதுவது அவளுடைய வேலை. இடைவேளையில் கமலாசனி அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்தார். தும்பை என்று ஒரு வரிதான் இருந்தது.

"இஞ்ச தும்பை ஒண்டில்லைத் தங்கச்சி, ரெண்டு" என்றார்.

பிரியந்தினி சிரிக்கவில்லை. எப்படி என்று கேட்டாள். ஒன்று நிமிர்ந்து நிற்கும், அதன் பூ உருண்டையாக நெருங்கிப் பூக்கும், மற்றது நிலத்தோடு படுத்துப் படரும், கணுவுக்கு இரண்டு பூதான் இருக்கும் என்று கமலாசனி சொன்னார். காட்டச் சொன்னபோது அவருக்குச் சங்கடமாகப் போயிற்று. முடிந்த காணியில் படருகிற தும்பை ஒன்றும் இல்லை. போன வருடம் அதையெல்லாம் வேரோடு சுரண்டி எடுத்தவர் அவர்தான். இனி அது இருப்பது சிவப்புத் தடிகளுக்கு அப்பால், இன்னும் கை வைக்காத நிலத்தில். எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூ தெரியும். கணு தெரியாது.

"அது என்ர பாதையிலதான் கிடக்கு. கிட்டப் போக ரெண்டு கிழமை செல்லும். வெட்டேக்க எடுத்து வைக்கிறன்."

பிரியந்தினி காத்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அந்தப் பூக்கள் கத்தரிக்கு எட்டின. வழக்கமாகத் துண்டு துண்டாக வெட்டுகிறவர், அன்று மூன்று தண்டுகளை முழுநீளமாக வெட்டியெடுத்தார். ஈரத்துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு அந்த இடத்து மண்ணையும் மற்ற இடத்தைப் போலவே சுரண்டினார். ஒரு வேரைக்கூட மிச்சம் விட முடியாது.

பிரியந்தினி தண்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கடியில் பார்த்தாள். இரண்டில் கணுவுக்கு இரண்டு பூதான். மூன்றாவதை மெதுவாகத் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, இது நிக்கிற தும்பைதான். மழைக்குச் சரிஞ்சு விழுந்திருக்கு. பூவைப் பாருங்கோ."

உருண்டையாக நெருங்கியிருந்தது. கமலாசனிக்கு வெட்கமாகிவிட்டது. படுத்திருந்தால் படருகிற தும்பை என்று இத்தனை வருடமும் ஒரு பார்வையில் முடிவுகட்டிவிட்டேனே என்றார். இரண்டு தும்பை இருக்கிறதென்று தான் கம்பஸில் படித்திருந்தும் இங்கே கண்ணில் படவில்லை என்று பிரியந்தினி ஒப்புக்கொண்டாள். படருகிற தும்பையின் இரண்டு தண்டுகளையும் காயவைக்கப் பழைய பத்திரிகைக்குள் பரப்பி வைத்துக் கட்டினாள்.

வைகாசியில் ஒருநாள், வேலைக்குப் போகிற வாகனத்தில் இருக்கும்போது, பிரியந்தினியிடமிருந்து அவருடைய கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளை மட்டையில் ஒட்டிய காய்ந்த தும்பை. அதன் கீழே சேகரித்தவர் பெயர்: க. கமலாசனி, ஸ்கந்தபுரம். அவர் அதை இரண்டு முறை வாசித்தார், பிறகு பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். கைபேசி வாகனம் முழுக்கச் சுற்றி வந்தது. தன் பெயர் சம்பளச் சீட்டைத் தவிர வேறொன்றில் அச்சாகி வந்தது இதுதான் முதல்தரம் என்று சொன்னார்.

இப்போது கூட வேலை செய்கிறவர்கள் இடைவேளையில் ஏதாவது பூவைக் கொண்டுவந்து கேட்கிறார்கள். அவர் உடனே சொல்வதில்லை. கணுவைத் திருப்பிப் பார்த்து, எங்கே நின்றது, எப்படி நின்றது என்று விசாரித்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார்.