முப்பதடி ஆழத்தில் முழங்கால் தண்ணீர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் நாலு பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இப்போது கொளத்தூர் பக்கம் யாரைக் கேட்டாலும் நானும் கண்ணால் பார்த்தேன் என்கிறார்கள், அவர்கள் ஒருத்தரும் அங்கே இல்லை. நான், தங்கராசு, மேட்டூர் அணைத் தண்ணீரில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவன். என் அக்கா பழனியம்மா. மீன் எடுக்க மேச்சேரியிலிருந்து வேன் ஓட்டி வருகிற வேலுச்சாமி. அப்புறம் சின்னராசு, எங்களைப் போலவே வலை போடுகிறவர். ஒரு நாயும் இருந்தது, ஆனால் அது கடைசி வரை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயந்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை, கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவன்தான், ஆனால் என் பயமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான் மேல்தான். காற்றுக்குப் பயம், கரண்டுக்குப் பயம், லாரிக்குப் பயம். ஆவிக்கு நான் பயந்ததே கிடையாது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பெரிய விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது, தண்ணீர் தெரியும். அதை மட்டும் சந்தேகப்படாமல் கேளுங்கள்.

காலையில் எழுந்ததும் போனில் அணை மட்டம் பார்ப்பேன். அப்புறம் எதிர்மேட்டுப் பனை ஓலை எந்தப் பக்கம் புரள்கிறது என்று பார்ப்பேன். ஆடி மாதம் மேல்காற்று வந்துவிட்டால் இது அணை இல்லை, கடல்தான். அலை சின்னச் சின்னதாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று சேர்ந்தாற்போல் பெரிதாக நாலைந்து வரும், அது போனதும் தண்ணீர் கொஞ்சம் மூச்சு வாங்கும், அந்த மூச்சில்தான் பரிசலைத் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கரையிலேயே கவிழ்ந்துவிடும். இதையெல்லாம் நான் வேண்டிய அளவுக்கு மேலேயே பார்ப்பேன், அதனால் மற்றவர்கள் தாங்கள் பார்க்காமல் என்னைக் கேட்டுவிட்டுப் போவார்கள், "தங்கராசு, காத்து எப்படிடா?" என்று.

எங்கள் துறைக்கு நேர் எதிரே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தண்ணீருக்கு அடியில் ஒரு கல் மண்டபம் இருக்கிறது. அணை கட்டும்போது முழுகிப்போன ஊரில் மிச்சம் நிற்பது. மண்டபக்கல் என்போம். மட்டம் எண்பது அடிக்குக் கீழே போனால் அதன் மேல்தளம் வெளியே தெரியும், ஆடு ஏறி நிற்கும். எண்பதைத் தாண்டி இரண்டு மூன்று அடி ஏறுகிற சமயம்தான் எமன். கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காற்றடித்தால் அலைக்கும் அலைக்கும் நடுவில் பள்ளம் விழுந்து கல் மொட்டென்று வெளியே வரும், அலை அதில் தடுக்கிக் குப்புற விழும், வெள்ளையாக நுரைக்கும். ஆழத்தில் அலை உருண்டுதான் போகும், உடையாது. உடைகிறது என்றால் அடியில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் மீன் அதை விட்டுப் போகாது. அந்த இடத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தது என் மச்சான் மாதப்பன், அக்கா வீட்டுக்காரர். அந்த இடத்தின் மேல் சின்னராசுக்கு ரொம்ப நாளாகவே கண்.

போன ஆடிக்கு முந்தின ஆடி, தண்ணீர் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. மச்சான் புது வலையோடு புறப்பட்டபோது, "கல்லு நல்லா முங்கிருச்சு மாதப்பா, ஆளு முங்கற தண்ணி, நேத்தே போயிப் பாத்துட்டு வந்தேன், தாராளமா போ" என்று சின்னராசு சொன்னார். நான் மேச்சேரி சந்தைக்குப் போயிருந்தேன். அன்றைக்கு மட்டம் எண்பத்தொன்றோ என்னவோ. பரிசல் கல்லில் மோதிக் கிழிந்து, மச்சான் தலையில் அடிபட்டு, அந்தப் புது வலையிலேயே சுருண்டு போய்விட்டார். "நான் பாத்தப்ப முங்கித்தான் இருந்துச்சு, தண்ணி எறங்கியிருக்கும்" என்று சின்னராசு அழுதார். ஏறுகிற தண்ணீர் எப்படி இறங்கும்? ஆனால் பார்த்தாரா பார்க்கவில்லையா என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும். காரியம் முடிந்த மறு வாரமே மண்டபக்கல்லில் அவருடைய வலை கிடந்தது.

அக்கா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பயம். கரையில் உட்கார்ந்து மீன் எடை போடுகிற வேலை அவளுக்கு. தினமும் அவர் பரிசலைத் தூக்கும்போது அங்கிருந்தே மரியாதையாகக் கேட்பாள், "ஏனுங்கண்ணா, இன்னைக்குக் கல்லு முங்கிருச்சுங்களா?" அவ்வளவுதான். ஒரு வருசம் முழுக்க, ஒரு நாள் விடாமல். அவரும் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

அந்த நாளுக்கு வருகிறேன். இரவு இல்லை, பட்டப்பகல், சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். அணை நிரம்ப இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கல்லுக்கு மேலே முப்பது அடிக்குக் குறையாத தண்ணீர். வேலுச்சாமி பெட்டியில் ஐஸ் அடித்துக்கொண்டிருந்தார். சின்னராசு வந்து வழக்கம்போல என்னிடம் கேட்டார்.

"காத்து எப்படிறா?"

"சொல்லாதடா" என்றாள் அக்கா, தராசை விட்டுத் தலையை நிமிர்த்தாமல். "அவரே போயிப் பாத்துக்குவாரு. நல்லாப் பாக்கறவரு."

எனக்கு வாய் நிற்கவில்லை. "போகாதீங்கண்ணா, பனை ஓலை திரும்புது, இன்னுஞ் செத்த நேரத்துல பெருசா வரும்" என்று சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன்.

"ஒரு வலைதான், இழுத்துட்டு வாரேன்" என்று அவர் தள்ளினார். அக்கா கேட்டாள், "ஏனுங்கண்ணா, கல்லு முங்கிருச்சுங்களா?" அன்றைக்கு என்னவோ அவருக்கும் கோபம். "முப்பதடிக்குக் கீழ கெடக்குது பழனியம்மா, வேணும்னா எறங்கித் தேடிப் பாரு!" என்று கத்திவிட்டுப் போனார்.

அவர் பாதி தூரம் போயிருப்பார், காற்று வந்தது. நான் எதிர்பார்த்ததுதான். அலை எழும்பியது, உருண்டது, எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. பிறகு மண்டபக்கல் இருக்கிற இடத்தில் ஒரு அலை குப்புற விழுந்து வெள்ளையாக உடைந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கண் பிசகு என்று நினைத்தேன். அடுத்த அலையும் அதே இடத்தில் உடைந்தது, அதற்கடுத்ததும். சுற்றிலும் எங்கேயும் உடையவில்லை. முப்பதடித் தண்ணீரில் அலை எதில் தடுக்கும்?

சின்னராசுவின் பரிசல் நேராக அந்த வெள்ளைக்குள் போய், தட்டென்று தூக்கிக் கவிழ்ந்தது. நான் கத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, கவிழ்ந்த பரிசல் மட்டும் ஆமை மாதிரி காற்றோடு போனது. அப்புறம் அவர் எழுந்து நின்றார்.

நீந்தவில்லை. நின்றார். முழங்கால் அளவுத் தண்ணீரில், வேட்டி நனைந்து ஒட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"அப்பாடா" என்றார் வேலுச்சாமி. "பயந்தே போயிட்டனுங்க. ஆழமே இல்லீங்களே, நிக்கறாரு பாருங்க." மேச்சேரிக்காரர், அவருக்கு என்ன தெரியும். "அங்க முப்பதடிங்க" என்றேன். வேலுச்சாமி என்னைப் பார்த்தார், சின்னராசுவைப் பார்த்தார், ஐஸ் உடைக்கிற கட்டையைக் கீழே போட்டுவிட்டார்.

அக்கா தராசை ஓரமாக வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாள். "நிக்கட்டும்" என்றாள்.

நின்றார். அலை வந்து மார்பில் அடித்தது, அசையவில்லை. காப்பாத்துங்க என்று கத்தினது காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. "நீச்சல் தெரியாதுங்களா அவருக்கு?" என்றார் வேலுச்சாமி. எங்கள் எல்லாரையும்விட நன்றாக நீந்துகிறவர் சின்னராசு. நான் பரிசலைத் தூக்கப் போனால் அக்கா கையை நீட்டித் தடுத்தாள், "இன்னுஞ் செத்த நேரம் இருக்கட்டும் சாமி" என்று, ஏதோ உலையில் அரிசி வேகிற மாதிரி. வெயில் சாய ஆரம்பித்தபிறகுதான் அவளாகவே எழுந்தாள். "வா, நானும் வாரேன்."

காற்று மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துத் தள்ளினேன். கிட்டே போனபோது சின்னராசுவின் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு துடுப்பு தூரத்தில் நிறுத்தி, வலைக் கல்லைக் கயிற்றோடு தண்ணீரில் விட்டேன். கயிறு போனது, போனது, முழுக் கயிறும் போய் என் கையில் தொங்கியது. தரை தட்டவில்லை. நான் கையை நீட்டினால் அவரைத் தொடலாம், அவர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

"அண்ணா, எது மேல நிக்கறீங்க?" என்றேன்.

"கல்லு இல்லடா" என்றார். அழுகை இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "கையிடா. உள்ளங்காலுக்கு அடியில உள்ளங்கை. ரெண்டும். விரலு மடங்கிப் புடிச்சிருக்குது."

நான் துடுப்பைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். அக்காவுக்கு முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. முதல்தடவையாக அவரை ஒருமையில் கேட்டாள்.

"சொல்லு. அன்னைக்கு நீ போயிப் பாத்தியா?"

"பழனியம்மா, என்னை ஏத்திக்க..."

"போயிப் பாத்தியா?"

"பாக்கலை." அலை ஒன்று வந்து வாயில் அடித்தது, துப்பிவிட்டுச் சொன்னார், "பாக்கலை சாமி. கல்லு மேலாக்கத்தான் இருக்கும்னு தெரியும். வலை கிழிஞ்சா எடத்தை உட்டுட்டுப் போயிருவான்னு நெனச்சேன். சாவான்னு நெனைக்கலை. பரிசலுக்கும் வலைக்கும் நாப்பதாயிரம் தந்தர்றேன், எம் புள்ளைங்க மேல சத்தியம்."

"நாப்பத்திரெண்டு" என்றாள் அக்கா. "வலை புதுசு."

"நாப்பத்திரெண்டு."

அக்கா பரிசல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவரிடம் இல்லை, தண்ணீருக்குள் பார்த்துப் பேசினாள், வீட்டில் மச்சானைக் கூப்பிடுகிற அதே குரலில், சாப்பிட வாங்க என்கிற மாதிரி. "ஏனுங்க. கேட்டீங்கல்ல? உடுங்க."

விட்டது. அதை எப்படிச் சொல்வது, நின்ற ஆள் அப்படியே நேராக உள்ளே போனார், கிணற்றில் வாளி போகிற மாதிரி. தலைமயிர் என் கையில் சிக்கியதால் தப்பினார். இழுத்துப் போட்டேன். அலை அதற்குப்பிறகு அந்த இடத்தில் உடையவே இல்லை, உருண்டு உருண்டு போனது.

இது நடந்து ஒரு வருசம் தாண்டிவிட்டது. மண்டபத்துக்கு மேலே ஒரு தளம் இருந்திருக்கும், மரம் கிரம் மிதந்து வந்து நின்றிருக்கும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நானும் தலையாட்டுவேன். மேச்சேரி வேன் இப்போது எங்கள் துறைக்கு வருவதில்லை, நாங்கள்தான் மீனைப் பக்கத்துத் துறைக்குக் கொண்டுபோகிறோம். அந்த இடத்துக்கு நான் போவதில்லை, மட்டம் நூறோ நூற்றிருபதோ, எனக்கு வேண்டாம்.

ஆனால் சின்னராசுவின் கால் இருக்கிறதே. முழங்காலிலிருந்து பாதம் வரை ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறின தோல் மாதிரி வெளுத்துச் சுருங்கிக் கிடக்கிறது. அன்றிலிருந்து அப்படியே. சேலம் ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள், அடுப்புக்கு முன்னால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார், துடைத்தால் துண்டு ஈரமாகிறது. அவர் நடந்து போன சிமெண்ட் தரையை நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

மாதம் பிறந்தால் மஞ்சப்பையில் பணத்தை எடுத்துக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்துவிடுவார். போன வாரமும் வந்தார், நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "வாங்கிக்க பழனியம்மா, முழுசா இருக்குது" என்று கெஞ்சினார்.

"கால் காஞ்சிருச்சுங்களாண்ணா?" என்றாள் அக்கா.

அவர் வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"காயட்டுமுங்க. காஞ்சதும் வாங்க, வாங்கிக்கறேன்."

அவர் படியிறங்கிப் போனதும் அக்கா கதவைச் சாத்தவில்லை. அணை இருக்கிற திசையைப் பார்த்து, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சொல்வது போல மெதுவாக, "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமுங்க" என்றாள்.

பாக்கி இன்றைய தேதிக்கும் நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.