மடிக்கணினிக்கு நான் போட்ட எடை

எனக்குப் படிப்பு நான்காம் வகுப்போடு சரி. ஆனால் அழுக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்தே உள்ளே எத்தனை உருப்படி என்று சொல்லிவிடுவேன். தப்பினால் ஒன்று தப்பும், இரண்டு தப்பாது. ஒற்றை இஸ்திரிப் பெட்டியோடு ஆரம்பித்த என் சலவைக்கடையில் இன்று ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். எவர் கையையும் பிடித்துக்கொண்டு நான் மேலே வரவில்லை.

அறுபத்திரண்டு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறேன் என்றதும் வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று மாலை வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு நான்காவது மாடியில், லிஃப்ட் கிடையாது. பாடம், தேர்வு எல்லாம் கணினியில். அவரவர் மடிக்கணினியை அவரவரே கொண்டுவர வேண்டும்.

மகன் தன்னுடைய பழையதைக் கொடுத்தான். மனசு நல்ல மனசுதான், பொருள்தான் செங்கல் கட்டு. முப்பத்து நான்கு வருடம் மூட்டை சுமந்த என் தோள் அதைத் தாங்கவில்லை. இரண்டு வகுப்பு போகவில்லை. மூன்றாவதுக்கும் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று வாத்தியார் போனில் சொன்னார். அந்த மூன்றாவது நாள் காலையில் நானே கணினிக் கடைக்குக் கிளம்பினேன். மகனும் கூடவே வந்தான், என்னை யாரும் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள.

"எதுக்கும்மா வேணும்?" என்றாள் கடையில் இருந்த பெண்.

"படிக்கணும். அப்புறம் செஸ் ஆடணும். போன்ல காய் பொடிப்பொடியா தெரியுது. குதிரைய யானைன்னு நினைச்சு போன வாரம் தோத்துட்டேன்."

மகன் குறுக்கே விழுந்தான். "ஒரு டேப்லெட் போதுங்க. ரெண்டு மாசத்துல எப்படியும் அலமாரிக்குள்ள போயிடும்."

"உன்ன யாருடா கேட்டா. வாங்கப் போறது நான்."

இருப்பதிலேயே லேசானதைக் கேட்டேன். அட்டையில் ஒரு கிலோ என்று போட்டிருந்தது. கைப்பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தேன். என் சலவைக்கடையில் மூட்டையை மாட்டி எடை பார்க்கிற தராசு.

"கம்பெனிக்காரங்களே எழுதியிருக்காங்கம்மா," என்றாள் அந்தப் பெண்.

"சார்ஜர என்ன, தலையில வச்சா தூக்கிட்டுப் போவேன்? அதையும் பையில போடும்மா."

மடிக்கணினிப் பையோடு மாட்டியதும் முள் ஒன்றரைக் கிலோவில் நின்றது. அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். "இப்படி யாருமே கேட்டதில்லம்மா."

"அவங்க தோள் நல்லா இருக்கும்."

அதையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சும்மா ஒரு எழுத்தைத் தட்டினேன். திரையில் ஓர் 'அ' விழவில்லை, பதினொன்று விழுந்தது. இஸ்திரி போட்ட கை அழுத்தினால் அழுத்தியபடியே நிற்கும். சூட்டில் காய்ந்து தடித்த விரல் நுனிக்கு, தாள்போல மெலிந்த அந்தப் பொத்தான் இறங்கியதா இல்லையா என்றே தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்ல," என்று மகன் சிரித்தான். "வாம்மா, போலாம்."

எடையை மட்டும் பார்த்தது என் தவறு. ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத் திரும்பிப் போகிறவள் நான் இல்லை. துணியின் தரத்தை விரலால் பார்க்கிறவளுக்குப் பொத்தானைப் பார்க்கத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு, மேசையில் வரிசையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். ஐந்தாவதில் பொத்தான் நன்றாகக் கீழே இறங்கி, திரும்ப என் விரலை மேலே தள்ளியது.

"இது."

"அழுத்திப் பிடிச்சாலும் எழுத்து அடுக்கடுக்கா வராத மாதிரி மாத்திக்கலாம்மா," என்று அந்தப் பெண் ஏதோ இரண்டு இடத்தில் தட்டிக் காட்டினாள். மறுபடி அழுத்தினேன். ஒரே ஓர் 'அ'.

மகனைப் பார்த்தேன். "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பத்து வருஷமா கம்ப்யூட்டர்லதான வேலை பாக்கற?"

அவன் கூரையைப் பார்த்தான்.

இதன் எடை கால் கிலோ கூடுதல். பையைத் தோளில் மாட்டி அந்தக் கடையின் மாடிப்படியை நான்கு தரம் ஏறி இறங்கினேன். காவலாளி என்னைத் திருடி என்று நினைத்திருப்பான். தோள் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கினேன்.

மாலையில் வகுப்பு நடக்கும் கட்டடத்தின் வாசலில் மகன் கையை நீட்டினான். "குடும்மா, மேல வரைக்கும் நான் கொண்டாந்து தரேன்."

"இன்னைக்குத் தூக்குவ. நாளைக்கு?"

மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றேன். பையை மட்டும் கீழே வைக்கவில்லை. உள்ளே நுழைந்தபோது வாத்தியார் வருகைப் பதிவேட்டைத் திறந்து, என் பெயருக்கு நேராகப் பேனாவை வைத்திருந்தார்.

"வர மாட்டீங்கன்னு நினைச்சேன்மா."

"உங்க பேனாவ மூடுங்க சார்," என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.